அப்பாவின் மோட்டாருக்கு பிரேக் எங்கே கிடைக்கும்?



தைப்பிங் பக்கம் ஒரு தாமான் வீடு. பின்புறக் கொட்டகையில், மழைத் தண்ணீர் சொட்டும் தகரக் கூரைக்குக் கீழே, சாக்கு போட்டு மூடிய ஒரு ஹோண்டா 70. தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த ஒருவர், எழுபதுகளின் கடைசியில் தவணை முறையில் வாங்கியது. விடியற்காலை நான்கரைக்கு அதில்தான் நிரைக்குப் போனார். பின்னால் பால் வாளி கட்டியிருக்கும். பள்ளிக்கூட நேரத்தில் அதே இடத்தில் பிள்ளை உட்கார்ந்திருக்கும். இன்று அவர் இல்லை. ஷா ஆலமில் வேலை பார்க்கும் மகன் தீபாவளிக்கு வீடு வந்தபோது, "அப்பாவோட மோட்டாரை ஓட வைக்கப் போறேம்மா" என்று சாக்கை விலக்கினார்.

பழைய பெட்ரோலைக் கொட்டினார். பிளக்கை மாற்றினார். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். ஏழாவது உதையில் வண்டி உயிர் பெற்றது. பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட வேலியோரம் வந்து நின்று கைதட்டினார்கள். மகன் ஏறி உட்கார்ந்து தாமான் சாலையின் கோடி வரைக்கும் போனார். அங்கே திருப்பத்தில் முன் பிரேக்கைப் பிடித்தார். பிடி கைப்பிடி வரை வந்து ஒட்டிக்கொண்டது; வண்டி நிற்கவில்லை. பின் பிரேக்கை மிதித்தார். ஒரு உரசல் சத்தம் மட்டும் வந்தது. கடைசியில் இரண்டு கால்களையும் தரையில் தேய்த்து, ஒரு செம்பருத்தி வேலியில் சாய்ந்து நின்றார்.

அந்த ஓட்டத்துக்கு மகளையும் ஏற்றிக்கொள்ளத்தான் நினைத்திருந்தார். தலைக்கவசம் பெரிதாக இருக்கிறது என்று மனைவி தடுத்துவிட்டார்.

இந்தக் குடும்பத்தின் கதை நாட்டில் எத்தனையோ வீடுகளின் கதை. 1958இல் ஜப்பானில் தொடங்கிய ஹோண்டா கப் வரிசை, 2017இல் பத்துக் கோடியைத் தாண்டியது. நம் ஊரில் கப்சாய் என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதான். அத்தனை வண்டிகளின் இயந்திரமும் இரும்பு மாதிரி உழைத்தது. ஆனால் பழைய வண்டியை மீட்க நினைப்பவர்கள் முதலில் கவனிப்பது அந்த இயந்திரத்தை மட்டும்தான். ஓடுமா என்று பார்க்கிறார்கள். பிரேக்கைத் திருப்பத்துக்கு வந்த பிறகுதான் நினைக்கிறார்கள்.

மறுநாள் மகன் பட்டணத்தில் உள்ள உதிரிபாகக் கடைக்குப் போனார். கடைக்காரச் சீனப் பெரியவர் பிரேக் ஷூவைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "பாராங் லாமா லா. சூடா தாடா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பழைய சாமான், இனிமேல் கிடையாது. இப்படிப் பதில் வந்ததும் பெரும்பாலோர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ஒன்று, மனம் உடைந்து வண்டியை மறுபடி சாக்குப் போட்டு மூடுகிறார்கள். இன்னொன்று, கிடைத்ததை ராவி, தட்டி, எப்படியோ உள்ளே நுழைத்து ஓட்டுகிறார்கள். இரண்டாவதுதான் ஆபத்து. மலேசியச் சாலைகளில் உயிரிழப்போரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள் என்பது ஆண்டுதோறும் செய்தியில் வருகிற ஒன்று.

கடைக்காரர் சொன்ன "இல்லை"யைக் கொஞ்சம் கேள்வி கேட்டுப் பார்க்க வேண்டும். அந்தக் கடையில் இல்லையா, அந்தப் பெயரில் இல்லையா, உலகத்திலேயே இல்லையா? ஜப்பானிய நிறுவனங்கள் ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு பிரேக் ஷூவைப் புதிதாகச் செய்வதில்லை. ஒன்றையே பல வண்டிகளுக்குப் போடுகிறார்கள். ஹோண்டாவின் பாக எண் மூன்று துண்டாக இருக்கும். முதல் ஐந்து இலக்கம் அது என்ன பாகம் என்று சொல்லும். நடுவில் உள்ள மூன்று எழுத்து, அந்தப் பாகம் முதலில் எந்த வண்டிக்காக வரையப்பட்டது என்பதைச் சொல்லும். யமஹாவில் அந்த வண்டிக் குறியீடு எண்ணின் தொடக்கத்திலேயே வந்துவிடும். ஆகவே "ஹோண்டா 70க்கு ஷூ இருக்கிறதா" என்று கேட்டால் இல்லை என்பார்கள். பாக எண்ணை எழுதிக்கொண்டு போய், அதற்கு மாற்று எண் வந்திருக்கிறதா, வேறு எந்த வண்டிக்கு அதே அளவு போகிறது என்று கேட்டால், அதே பெரியவர் ஏணி போட்டு ஏறி ஒரு பெட்டியை இறக்கவும் கூடும். பழைய ஷூவைக் கையோடு கொண்டு போவதும் நல்லது. குறுக்களவு, அகலம், இரண்டு முனைகளின் வடிவம் இவற்றை அளவுகோல் வைத்து ஒப்பிட வேண்டும். கண்மட்டம் போதாது.

ஆனால் ஷூ கிடைத்துவிட்டால் வேலை முடிந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. டிரம் பிரேக்கில் தேய்வது ஷூ மட்டுமல்ல. ஷூ எதன்மேல் உரசுகிறதோ அந்த டிரம்மும் தேய்கிறது. பல டிரம்களின் உட்பக்கம் பாருங்கள், அதிகபட்சக் குறுக்களவை எண்ணாகவே வார்த்திருப்பார்கள். சிறிய ஹோண்டாக்களில் பெரும்பாலும் 110 மில்லிமீட்டர் டிரம்; அது 111ஐத் தொட்டுவிட்டால் அதன் காலம் முடிந்தது. ஒரே ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். விரலால் தடவிப் பார்த்தால் தெரியாது, அளந்தால்தான் தெரியும். தேய்ந்த டிரம்மில் புது ஷூ போட்டால், அரைவட்டத்தின் நடுவில் மட்டும் கொஞ்சம் தொடும். பிடித்தால் பிடித்த மாதிரி இருக்கும், அவசரத்தில் கைவிடும்.

பிரேக் தட்டுக்கு வெளியே இருக்கும் சிறு நெம்பு கையைக் கவனியுங்கள். பல வண்டிகளில் அதன் அடியில் ஓர் அம்புக்குறி இருக்கும். பிரேக்கை முழுவதும் பிடிக்கும்போது அந்த அம்பு தட்டில் உள்ள குறியைத் தொட்டால் ஷூ தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். இதைத் தெரியாமலோ தெரிந்தேயோ சிலர் நெம்பு கையைக் கழற்றி, ஒரு பல் தள்ளி மாட்டிவிடுகிறார்கள். பிரேக் உடனே இறுக்கமாகிவிடும், வாடிக்கையாளருக்கும் மகிழ்ச்சி. உள்ளே என்ன நடக்கிறது? ஷூவை விரிக்கும் கேம், அளவுக்கு மேல் திரும்பி நிற்கிறது. இன்னும் கொஞ்சம் தேய்ந்தால் அது திரும்பி வராமல் அப்படியே சிக்கிக்கொள்ளலாம். ஓடுகிற சக்கரம் பூட்டிக்கொள்ளும். கேமின் முனையிலும் நெம்பு கையிலும் தொழிற்சாலையிலேயே குத்திய ஒரு புள்ளி இருக்கும். இரண்டு புள்ளியும் நேர்நேராக வர வேண்டும்.

புது ஷூ கிடைக்கவே இல்லை என்றால்? அப்போதும் வழி இருக்கிறது. ஷூவின் அலுமினிய எலும்புக்கூடு சாதாரணமாகக் கெட்டுப் போவதில்லை. தேய்வது மேலே ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டைதான். லாரி, கிரேன் பிரேக்குகளுக்குப் பட்டை ஒட்டும் பட்டறைகள் இந்தச் சிறு வேலையையும் செய்து தருவதுண்டு. பழைய பட்டையை எடுத்துவிட்டு, புதியதைப் பசை தடவி அழுத்தத்தில் வைத்து, சூடேற்றி ஒட்டுவார்கள். அதன் பிறகு டிரம்மின் வளைவுக்குச் சரியாகக் கடைந்து தர வேண்டும். இந்தக் கடைசல்தான் பாதி வேலை. ஆகவே ஷூவை மட்டும் அனுப்பாமல் சக்கரத்தையும் கொண்டு போகச் சொல்கிறார்கள், விவரம் தெரிந்தவர்கள். வீட்டில் கடையில் வாங்கிய பசையால் ஒட்டிப் பார்ப்பது விளையாட்டல்ல. பட்டை பெயர்ந்தால் அது டிரம்முக்கும் ஷூவுக்கும் நடுவில் ஆப்பு போலச் செருகிக்கொள்ளும்.

இங்கே வேறொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். பழைய பிரேக் பட்டைகள் பலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, ஆஸ்பெஸ்டாஸ் எந்த வகையாக இருந்தாலும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று வகைப்படுத்தியிருக்கிறது. நோய் உடனே வருவதில்லை. பல பத்தாண்டுகள் கழித்துத்தான் தலைகாட்டும். சக்கரத்தைக் கழற்றியதும் காற்றடிக்கும் குழாயை எடுத்து 'புஸ்' என்று ஊதித் தூசியைப் பறக்க விடுவது பட்டறைகளில் தினம் பார்க்கிற காட்சி. பக்கத்தில் பிள்ளைகள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஊத வேண்டாம். முகக்கவசம் போட்டு, ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டிப் போட்டால் போதும்.

இனி கேபிள். நம் பெரியவர்களில் பலர், "முன் பிரேக்கைப் பிடிக்காதே, கவிழ்த்துவிடும்" என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகளுக்கு மோட்டார் ஓட்டப் பழக்கினார்கள். மண் சாலையில் அந்த அறிவுரைக்கு ஒரு காரணம் இருந்தது. தார்ச் சாலையில் கதை வேறு. பிரேக் பிடித்ததும் பாரம் முன்னால் சாய்கிறது. பின் சக்கரம் இலேசாகி வழுக்குகிறது. வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் சக்கரத்துக்குத்தான். பயன்படுத்தாமலே விட்டதால், பழைய வண்டிகளில் முன் பிரேக் கேபிள் உறைக்குள்ளேயே துருப்பிடித்துக் கிடக்கும். தைப்பிங் மகனின் வண்டியிலும் அதுதான். கேபிளில் ஐந்து இழை அறுந்திருந்தது. மீதியும் அறுபடக் காத்திருந்தது.

அதே அளவு கேபிள் கிடைக்காவிட்டால் புதிதாகச் செய்துகொள்ளலாம். உள் கம்பியின் இழைகளை நிப்பிளுக்குள் பூ மாதிரி விரித்து, ஈயம் ஊற்றி ஒட்ட வேண்டும். திருகு வைத்து இறுக்கும் நிப்பிள் கடையில் மலிவாகக் கிடைக்கும். அது வழியில் அறுந்தால் வீடு வந்து சேரும் வரைக்கும் உதவும். பிரேக்கில் அதை நிரந்தரமாக விட்டுவைக்கக் கூடாது.

டிரம் தேய்ந்துவிட்டது, வேறு வண்டியின் சக்கரத்தையே மாட்டிவிடலாம் என்று ஒரு யோசனை எப்போதும் வரும். அச்சு நுழைகிறது, சக்கரம் சுற்றுகிறது, பிரேக்கும் பிடிக்கிறது. எல்லாம் சரி. பிரேக் தட்டைச் சுழலாமல் பிடித்து வைப்பது எது? ஒவ்வொரு வண்டியிலும் அதற்கு ஒரு தண்டோ, முள்கரத்தில் ஒரு முளையோ இருக்கும். பிரேக் பிடிக்கும்போது சக்கரத்தின் முழு வேகத்தையும் தாங்கி நிற்பது அந்தச் சிறு துண்டுதான். வேற்று வண்டியின் தட்டு அதில் உட்காராவிட்டால், பலமாகப் பிடித்த அந்த நொடியில் தட்டும் சேர்ந்து சுற்றி, கேபிளைச் சுருட்டிக்கொண்டு சக்கரத்தைப் பூட்டிவிடும். பின் சக்கரத்தில் அந்தத் தண்டின் நட்டுக்கு ஒரு பிளவு ஊசி உண்டு. சில்லறை சாமான்தான். பழைய வண்டிகளைத் திறந்து பார்த்தால், அது இருக்க வேண்டிய ஓட்டை வெறுமையாக இருப்பது சாதாரணம்.

டிஸ்க் பிரேக் வைத்த பழைய வண்டிகளுக்கு வருவோம். நம் இளைஞர்கள் ஒரு காலத்தில் உயிராக நேசித்த யமஹா ஆர்எக்ஸ்இசட், முன்னால் டிஸ்க்கும் பின்னால் டிரம்மும் கொண்டது. அந்த வயது வண்டிகளில் கைப்பிடியில் இருக்கும் மாஸ்டர் சிலிண்டர்தான் முதலில் தொல்லை கொடுக்கும். எண்ணெய் கசியும், பிடி தளரும். அதே பாகம் இல்லை என்றதும், "இது அழகாக இருக்கிறது, பெரியதாகவும் இருக்கிறது" என்று வேறொன்றை வாங்கி மாட்டுவார்கள். பிடி கல் மாதிரி இறுகிவிடும். "பிரேக் இப்போது செம்மையாக இருக்கிறது!" என்று பெருமைப்படுவார்கள்.

இறுகிய பிடி நல்ல பிரேக் என்பது ஒரு மயக்கம். மாஸ்டர் சிலிண்டரின் உடம்பில் அதன் துளையின் அளவு எண்ணாகப் பொறிக்கப்பட்டிருக்கும். அரை அங்குலம் என்றால் 12.7 மில்லிமீட்டர். அதற்குப் பதில் 14 மில்லிமீட்டர் மாட்டினால், பிடி பொருத்தம் அப்படியே இருந்தால், அதே அழுத்தத்தைக் கொடுக்க விரல்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் பலம் கொடுக்க வேண்டும். 15.9 மில்லிமீட்டர் மாட்டினால் ஒன்றரை மடங்குக்கும் மேல். ஒரு பெண்பிள்ளையோ வயதானவரோ திடீரென்று பிடிக்கும்போது அந்தப் பலம் விரலில் இருக்குமா? மாற்றாக வாங்குவது எந்த வண்டியுடையதாக இருந்தாலும் இந்த எண் ஒத்திருக்க வேண்டும். கிடைக்காவிட்டால், தேய்ந்த பழைய சிலிண்டரைக் கடைந்து, உள்ளே எவர்சில்வர் அல்லது பித்தளைக் குழாய் செருகி, பழைய அளவுக்கே கொண்டுவரும் கடைசல்காரர்கள் இருக்கிறார்கள். காலிப்பரின் பிஸ்டனில் துருப்புள்ளி விழுந்திருந்தால் அதையும் எவர்சில்வரில் புதிதாகக் கடைந்துகொள்ளலாம். உலோகத்துக்குப் பெரும்பாலும் ஒரு வழி உண்டு.

ரப்பருக்கு வழி கிடையாது. பழைய வண்டிப் பிரியர்கள் பலர் ஏமாறுகிற இடம் இதுதான். எங்கேயோ ஒரு பழைய கடையின் மேல்தட்டில், நிறுவனத்தின் அசல் உறையோடு, முப்பது ஆண்டுகளாகப் பிரிக்கப்படாத சீல் கிட் ஒன்று கிடைக்கும். "அசல் சாமான் அண்ணே!" என்று புதையல் கிடைத்த மாதிரி கூடுதல் விலை கொடுத்து வாங்குவார்கள். உறை புதிது. உள்ளே இருக்கும் ரப்பருக்கு வயது முப்பது. ஓடாத வண்டியிலும் ரப்பர் காய்கிறது, பெட்டிக்குள்ளும் காய்கிறது. நல்ல நிறுவனம் அண்மையில் செய்த மாற்றுச் சீல், அந்தப் பழைய அசலைவிட மேலானது. பிரேக் குழாயும் அப்படியே. வெளியே பளபளப்பாக இருக்கும் பழைய குழாய் உள்ளே வீங்கி அடைத்துக்கொண்டிருக்கலாம். அப்போது எண்ணெய் அழுத்தத்தில் போகும், திரும்பி வராது. பிடியை விட்ட பிறகும் பிரேக் இறுக்கிக்கொண்டே இருக்கும். காலிப்பர்தான் கெட்டது என்று அதை மாற்றிப் பணத்தைத் தொலைத்தவர்கள் உண்டு.

அதே நோய் மாஸ்டர் சிலிண்டரிலும் வரும். எண்ணெய்த் தொட்டியின் அடியில் இரண்டு துளை உண்டு. ஒன்று ஊசி முனை அளவுதான். பழைய எண்ணெய் படிந்து அது அடைத்தால், ஓட ஓடச் சூட்டில் விரியும் எண்ணெய் திரும்ப இடமில்லாமல், பிரேக் தானாகவே பிடிக்கத் தொடங்கும். கழற்றிச் சுத்தம் செய்கிறவர் பெரிய துளையை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிட்டால், வண்டி இரண்டாவது நாளே திரும்ப வரும்.

எண்ணெயைப் பற்றியும் ஒரு வார்த்தை. டாட் 3, டாட் 4 எண்ணெய்கள் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140க்கு இறங்கிவிடுகிறது. கேமரன் மலையிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும் வளைவுகளை நினைத்துப் பாருங்கள். பிரேக் எண்ணெய் கொதித்து ஆவிக் குமிழி உண்டானால், பிடி காற்றைத்தான் அழுத்தும். மூடியில் எழுதியிருப்பதைத்தான் ஊற்ற வேண்டும். திறந்து பல மாதம் கிடந்த பாட்டிலைத் தூக்கிப் போடுங்கள். இயந்திர எண்ணெய் ஒரு சொட்டுப் பட்டாலும் சீல்கள் வீங்கிப் பாழாகும். குழாய் மாட்டும்போது இரு பக்கமும் வரும் செப்பு வாஷர்கள் புதியதாக இருக்க வேண்டும். புதுக் குழாய் செய்துகொள்வதானால், முன் சக்கரம் தொங்கும் நிலையில் கைப்பிடியை இடம் வலம் முழுக்கத் திருப்பிப் பார்த்து நீளத்தை முடிவு செய்ய வேண்டும்.

டிரம்மை எடுத்துவிட்டு டிஸ்க் போடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. போடலாம்தான். ஆனால் முள்கரம், சக்கரம், பிடி என்று அமைப்பே மாறுகிறது. அது பழுதுபார்ப்பு அல்ல, மாற்றியமைப்பு. அதற்கு முன்னால் சாலைப் போக்குவரத்து இலாகாவிடமும் காப்புறுதி நிறுவனத்திடமும் கேட்டுக்கொள்வது நல்லது. விபத்துக்குப் பிறகு கேட்டால் பதில் வேறு மாதிரி இருக்கும்.

சரி, தைப்பிங் வண்டி என்ன ஆயிற்று? பின் சக்கரத்துக்குப் பாக எண்ணை வைத்துத் தேடியதில், வேறு ஹோண்டாவுக்கு வருகிற அதே அளவு ஷூ கிடைத்தது. முன் ஷூவுக்குப் பட்டை ஒட்டிக் கடைந்து வாங்கினார்கள். கேபிளும் சுருள்வில்களும் புதியவை. கேம் முனையில் மெல்லியதாகச் சூடு தாங்கும் கிரீஸ் தடவினார்கள். கூடுதலாகத் தடவினால் சூட்டில் வழிந்து பட்டையில் ஏறும். கிரீஸ் குடித்த பட்டையைப் பெட்ரோலில் கழுவி மீட்க முடியாது. மாட்டிய பிறகு முன்னால் இருக்கும் ஆளில்லாத சாலையில் மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி, மெதுவாகப் பிடித்து விட்டு, பிடித்து விட்டு, புதுப் பட்டை டிரம்மோடு பழகும் வரை செய்தார் மகன். ஒவ்வொரு தடவையும் இறங்கி ஹப்பின் அருகே கையை வைத்துப் பார்த்தார். பிடிக்காமலே சூடேறினால் பட்டை உரசிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மறுநாள் மழையில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். தைப்பிங்கில் மழைக்குக் காத்திருக்கத் தேவையில்லை. ஈரமான டிரம் முதல் பிடியில் வழுக்கத்தான் செய்யும். இலேசாகப் பிடித்தபடியே கொஞ்ச தூரம் ஓட்டினால் காய்ந்துவிடும். நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு சரிசெய்யும் நட்டை இரண்டு சுற்று இறுக்க வேண்டியிருந்தது.

மகளுக்கு அளவான தலைக்கவசம் வாங்கிப் போட்டு, பின்னால் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று வந்து வாசலில் நிறுத்தினார். திண்ணையில் உட்கார்ந்திருந்த தாயார் காதைக் கூர்மையாக்கிக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"தம்பி, ஒங்கப்பா பிரேக் பிடிச்சா இப்படிக் கீச்சுன்னு கத்தாதேப்பா."

மகன் அன்று மத்தியானமே முன் சக்கரத்தை மறுபடி கழற்றினார். புதுப் பட்டையின் முன்விளிம்பைச் சரிவாக ராவ மறந்திருந்தது தெரிந்தது.